தாய்க்கு ஏற்ற ஜாக்கெட் எங்கே?

செல்போனுக்குள் கடை வந்துவிட்டது. புளியந்தோப்பில் உட்கார்ந்தபடி சூரத் சேலை வாங்கலாம். ஜெய்ப்பூர் பாவாடை வாங்கலாம். பார்சல் வாசலுக்கே வந்து சேருகிறது.

கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்ணுக்கு இது பெரிய வசதி. அதை யாரும் மறுக்க முடியாது.

புளியந்தோப்பில் இருந்து பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு எவ்வளவு தூரம்? அதிகம் இல்லை. ஆனால் மூன்று மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்ப் பாருங்கள்! பேசின் பிரிட்ஜ் பக்கம் வண்டி நெரிசல். கடைத்தெருவில் ஆள் நெரிசல். நடுவில் குழந்தை பாலுக்கு அழும். மழைக்காலம் என்றால் கேட்கவே வேண்டாம். புளியந்தோப்புத் தெருக்களில் தண்ணீர் நிற்கும். வீட்டை விட்டு இறங்குவதே பெரும்பாடு.

ஆகவே அவள் செல்போனை எடுக்கிறாள். அதில் தவறு என்ன?

தவறு அவளிடம் இல்லை. கடையில் இருக்கிறது.

உடம்பு கொஞ்சம் பெருத்தவள். குழந்தைக்குப் பால் கொடுப்பவள். அந்தக்காலத்து பேஷனில் ஒரு ஜாக்கெட் போட ஆசைப்படுகிறவள். இந்த மூன்றும் சேர்ந்த ஒரு பெண் செல்போன் கடைக்குள் போனால், அவளுக்குச் சரியான துணி கிடைப்பது குதிரைக்கொம்பாக இருக்கிறது.

ஆயாவின் போட்டோ

எனக்கு ஓர் அக்கா. பெரியப்பா மகள். புளியந்தோப்பில் குடியிருக்கிறாள். இரண்டாவது குழந்தை பிறந்து அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது.

அவள் வீட்டுச் சுவரில் ஆயாவின் கல்யாணப் போட்டோ மாட்டியிருக்கிறது. 1960-களில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். பக்கத்தில் நிற்கும் தாத்தா பின்னி மில்லில் தறி ஓட்டியவர். ஆயா போட்டிருப்பது பலூன் போல் உப்பிய கை வைத்த ஜாக்கெட். ஆயாவும் ஒல்லி அல்ல. அக்காவுக்கு அந்த உடல்வாகு அப்படியே வந்திருக்கிறது.

கொழுந்தன் கல்யாணத்துக்கு அதே மாதிரி ஜாக்கெட் போட வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. செல்போனில் தேடினாள். அச்சு அசல் அதே ஜாக்கெட்! சைஸ் பட்டியலில் மார்பு 44 அங்குலம் என்று போட்டிருந்தது. பணத்தைக் கட்டினாள்.

பார்சல் வந்தது. அக்கா எனக்குப் போன் செய்தாள்.

"பத்தலைடி. நாலு அங்குலம் குறையுது. அது கூடப் போகட்டும். கொக்கி எல்லாம் முதுகுல இருக்குது. புள்ளைக்கு எப்படிடி பால் கொடுப்பேன்?"

கடைக்காரருக்கு எழுதினாள். "நோ ரிட்டர்ன் மேடம்" என்று ஒரு வரி பதில் வந்தது.

மறுநாள் கல்யாணம். வேறு ஜாக்கெட் தைக்க நேரம் இல்லை. முதுகில் மாட்டாத கொக்கிகளுக்குப் பதில் ஊக்கு குத்தி, மேலே முந்தானையைப் போர்த்திக்கொண்டு போய்விட்டாள். மண்டபத்தில் தனி அறை இருந்தது. ஆனால் ஜாக்கெட்டை முழுவதும் கழற்றாமல் பால் கொடுக்க முடியாது. கழற்றினால் திரும்ப மாட்டிவிட ஆள் வேண்டும். குழந்தைக்கு யாரோ புட்டிப்பால் கரைத்துக் கொடுத்தார்கள். நாலு மணி நேரம் கழிந்தது.

அன்று இரவே மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டது. விடியற்காலையில் காய்ச்சல். டாக்டரிடம் ஓடினார்கள். மருந்து கொடுத்தார். "பால் கொடுப்பதை நிறுத்தாதே. இறுக்கமான துணி போடாதே" என்றார்.

ஒரு ஜாக்கெட் செய்த வேலை இது!

கணக்குப் போட்டுப் பாருங்கள்

பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். சராசரியாக 10 என்று வைத்துக்கொள்வோம். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. தண்ணீர் கூட வேண்டாம். 6 மாதம் என்றால் 180 நாள்.

180 நாளும் 10 முறை. மொத்தம் 1,800 முறை!

பிறகு மற்ற உணவோடு சேர்த்து 2 வயது வரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம். அதையும் கூட்டினால் கணக்கு எங்கேயோ போய்விடும்.

இத்தனை முறை திறந்து மூட வேண்டிய துணியை, திறக்கவே முடியாதபடி தைத்து விற்கிறார்கள்!

தமிழ்நாட்டில் 2015 ஆகஸ்டு மாதம் பஸ் நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. நல்ல காரியம். பிற ஊர்களில் இருந்தும் அதைப் பாராட்டினார்கள். ஆனால் அறைக்கதவு திறந்தால் மட்டும் போதுமா? ஜாக்கெட் திறக்க வேண்டாமா?

சேலைக்கு சைஸ் கிடையாது

நம் பழைய உடையை நினைத்துப் பாருங்கள்.

சேலைக்கு சைஸ் உண்டா? இல்லை. 6 கஜம், ஏறக்குறைய ஐந்தரை மீட்டர். ஒல்லியானவள் கட்டினால் கொசுவம் அதிகம் வரும். பருத்தவள் கட்டினால் இரண்டு மடிப்பு குறையும். அவ்வளவுதான். உள்பாவாடைக்கு நாடா. உடம்பு ஏறினால் தளர்த்திக் கட்டலாம். இறங்கினால் இறுக்கிக் கட்டலாம். கிராமத்துப் பாட்டிமார் போட்ட ரவிக்கைக்குக் கொக்கி கூட இல்லை. இரண்டு முனையையும் முன்னால் முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள். பால் கொடுக்கும்போது முடிச்சை அவிழ்த்தார்கள். முந்தானை திரையாக இருந்தது. "பெரிய சைஸ்" என்ற சொல்லே அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

அதற்காகப் பழையது எல்லாம் நல்லது என்று சொல்ல வரவில்லை. 1960-களின் சினிமாப் படங்களில் கழுத்தை ஒட்டிய படகுக்கழுத்து ஜாக்கெட்டைப் பார்த்திருப்பீர்கள். பார்க்க அழகுதான். திறப்பு பெரும்பாலும் முதுகுப் பக்கம். கைக்குழந்தைக்காரிக்கு அது ஆகவே ஆகாது. இன்று "அந்தக்கால பேஷன்" என்று செல்போனில் விற்பதில் பாதிக்கு மேல் இந்த ரகம்தான் என் கண்ணில் படுகிறது. சினிமாக்காரியின் ஜாக்கெட்டை விற்கிறார்கள். நம் ஆயாவின் ஜாக்கெட்டை விற்பதில்லை.

ஆயாவின் போட்டோவை உற்றுப் பார்த்தேன். முன்பக்கம் கொக்கி வரிசை தெரிகிறது. கை உப்பியிருப்பது அழகுக்கு மட்டும் அல்ல. கையைத் தூக்கிக் குழந்தையை அணைக்க இடம் இருக்கிறது. பருத்த கையை அது பிடிக்காது.

துணி தெரிந்த ஊர்

வடசென்னைக்காரர்களுக்குத் துணியைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பட்டணம் உண்டானதே துணி வியாபாரத்துக்காக. 1639-ல் ஆங்கிலக் கம்பெனி இங்கே இடம் வாங்கியது துணி ஏற்றுமதி செய்யத்தான். அந்தத் துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம் வண்ணாரப்பேட்டை. திருவொற்றியூர் காலாடிப்பேட்டையின் பெயர் எப்படி வந்தது தெரியுமா? 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களைக் குடியேற்றிய பேட்டை அது. காலெட் பேட்டை என்பது நம் வாயில் காலாடிப்பேட்டை ஆகிவிட்டது.

புளியந்தோப்புக்குப் பக்கத்திலேயே பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்கள் இருந்தன. பின்னி மில் என்றால் எல்லோருக்கும் தெரியும். பின்னி காக்கி போட்ட போலீஸ்காரர்கள் எத்தனை பேர்! அந்த மில் 1996-ல் மூடப்பட்டது.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு தாய்க்கு ஏற்ற ஜாக்கெட் இல்லை என்றால் அது வெட்கம்தான். வெட்கம் அந்தத் தாய்க்கு அல்ல.

யார் எடுத்த அளவு?

எம், எல், எக்ஸெல், டபுள் எக்ஸெல் என்று போடுகிறார்கள். இதை யார் நிர்ணயித்தது? எல்லாக் கடைக்கும் பொதுவான அளவு எதுவும் கிடையாது. ஒரு கடையின் டபுள் எக்ஸெல் இன்னொரு கடையின் எக்ஸெல்லை விடச் சிறியதாக இருக்கும். "ப்ரீ சைஸ்" என்று ஒன்று உண்டு. எல்லோருக்கும் சரியாக இருக்கும் என்று நினைத்து வாங்காதீர்கள். யாரையும் அளக்கவில்லை என்பதே அதற்கு அர்த்தம்.

அமெரிக்காவில் 1939, 1940-ம் ஆண்டுகளில் சுமார் 15,000 பெண்களை அளந்தார்கள். ஆயத்த உடைக்கு அளவு நிர்ணயிக்கும் முயற்சி. அதில் வெள்ளைக்காரப் பெண்களின் அளவை மட்டுமே கணக்கில் எடுத்தார்கள். 1958-ல் அதை வைத்து அளவுப் பட்டியல் வெளியிட்டார்கள். அந்த ஊர்ப் பெண்களுக்கே அது சரியாகப் பொருந்தவில்லை. 1983-ல் கைவிட்டார்கள்.

நம் நாட்டிலும் நம் உடம்புக்கு ஏற்ற அளவு வேண்டும் என்று, தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிப்ட் மூலம் ஒரு கணக்கெடுப்பை மத்திய அரசு 2018-ல் அறிவித்தது. 15 முதல் 65 வயது வரை உள்ள 25,000 பேரை யந்திரத்தால் அளப்பது திட்டம். அப்போது அதற்கு அறிவித்த ஊர்கள் ஆறு. டில்லி, மும்பை, கல்கத்தா, பெங்களூர், ஐதராபாத், ஷில்லாங்.

அந்த அறிவிப்பில் சென்னை இல்லை!

துணிக்காகவே பிறந்த பட்டணத்தை விட்டுவிட்டு இந்தியப் பெண்ணின் அளவை எடுத்தால் அது எப்படி முழு அளவு ஆகும்? அளக்கும்போது பால் கொடுக்கும் தாய்மாரையும் தனியாக அளக்க வேண்டும். பிள்ளை பெற்றவளின் உடம்பு வேறு. காலையில் ஓர் அளவு, மாலையில் ஓர் அளவு. பால் சுரந்திருக்கும்போது ஜாக்கெட் பிடிக்கும். குழந்தை குடித்ததும் தளரும். ஓர் அங்குலம் கூட இடம் விடாமல் தைத்தால் அவள் என்ன செய்வாள்?

செல்போன் கடைக்காரர்களிடம் நாம் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. துணியை மேசையில் விரித்து அளந்து, மார்பு எத்தனை அங்குலம், கையின் சுற்றளவு எத்தனை அங்குலம் என்று எழுதுங்கள். கொக்கி முன்னாலா, பின்னாலா என்று எழுதுங்கள். முதுகுப் பக்கப் படமும் போடுங்கள். உள்ளே பிரித்துவிடத் தையலில் துணி இருக்கிறதா என்று சொல்லுங்கள். நாலு வரி. இதை எழுத முடியாதவருக்கு துணி வியாபாரம் எதற்கு?

பட்டியலில் போடும் அளவிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சிலர் போடுவது துணியின் அளவு. சிலர் போடுவது அதை அணியும் உடம்பின் அளவு. இரண்டுக்கும் இரண்டு மூன்று அங்குலம் வித்தியாசம் வரும். எது என்று எழுதாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பதில் வராவிட்டால் வாங்க வேண்டாம்.

வீட்டிலேயே அளக்கலாம்

தாய்மார்களுக்கு ஒரு யோசனை.

உங்களுக்குப் பிடிப்பு இல்லாமல் இருக்கும் ஒரு நைட்டியை எடுங்கள். தரையில் சமமாக விரியுங்கள். ஒரு அக்குளில் இருந்து மறு அக்குள் வரை டேப்பால் அளங்கள். 22 அங்குலம் வருகிறதா? இரண்டால் பெருக்குங்கள். 44 அங்குலம். சென்டிமீட்டரில் போட்டிருந்தால் குழம்ப வேண்டாம். ஓர் அங்குலம் 2.54 சென்டிமீட்டர். 44 அங்குலம் என்பது ஏறக்குறைய 112 சென்டிமீட்டர். உடம்பில் அளப்பது என்றால் பால் கொடுப்பதற்கு முன்னால் அளங்கள். பால் கொடுத்த பிறகு அளந்தால் குறைவாகக் காட்டும்.

பருத்தித் துணி முதல் தண்ணீரில் சுருங்கும். அதற்கும் கொஞ்சம் விட்டு வாங்க வேண்டும். ஜிப் வைத்த பீடிங் நைட்டி என்றால், ஜிப்பை மூடும் துணிப்பட்டி உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தையின் கன்னம் உரசும் இடம் அது.

"மூன்று எடுத்தால் விலை குறைவு" என்று ஆசை காட்டுவார்கள். எடுக்காதீர்கள். பிள்ளை பெற்ற பிறகு உடம்பு மாதத்துக்கு மாதம் மாறும். முதலில் ஒன்று வாங்கி, போட்டுப் பார்த்து, பிறகு இன்னொன்று வாங்குவதே லாபம். பாடி போன்ற உள்ளாடைகளைப் பல கடைகள் திரும்ப வாங்குவதில்லை. அதை மட்டும் கடைக்குப் போய் வாங்குவது நல்லது. அந்த ஒரு மணி நேரம் குழந்தையை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ளட்டும். அவர் பிள்ளைதானே?

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. "இந்த உடம்புக்கு இந்த பேஷன் வேணுமா?" என்று கேட்கும் வாய் சில வீடுகளில் உண்டு. ஒரு பிள்ளையை வயிற்றில் சுமந்து, பெற்று, இரவு பகல் பால் கொடுக்கும் உடம்பு அது. அவளுக்கு ஒரு நல்ல ஜாக்கெட் போட ஆசை வரக்கூடாதா?

சட்டம் என்ன சொல்கிறது?

"நோ ரிட்டர்ன்" என்று எழுதிவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டதா? இல்லை.

2019-ல் புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2020 ஜூலையில் ஆன்லைன் வியாபாரத்துக்குத் தனி விதிகள் வந்தன. அந்த விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையும் குறையுள்ள பொருளையும் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது. குறை கேட்க ஓர் அதிகாரி இருக்க வேண்டும். புகார் கிடைத்தது என்று 48 மணி நேரத்துக்குள் அவர் பதில் தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். பட்டியலில் 40 அங்குலம் என்று போட்டு 40 அங்குலமே வந்தால், "எனக்குப் பத்தவில்லை" என்று சட்டத்தைப் பிடித்துக்கொள்ள முடியாது. பட்டியலில் 44 போட்டு 40 வந்தால் பிடிக்கலாம். ஆகவே பணம் கட்டும் முன்பே அந்தப் பட்டியலைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பார்சலைப் பிரிக்கும்போதும் வீடியோ எடுங்கள். டேப்பை வைத்து அளப்பதும் அதில் தெரியட்டும்.

கடைக்காரர் மசியாவிட்டால் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அது தேசிய நுகர்வோர் உதவி எண். பணத்தை வாங்கிக்கொண்டு ஆளே மறைந்துவிட்டால் அது மோசடி. அதற்கு 1930. உடனே சொல்ல வேண்டும். நாள் கடத்தினால் பணம் கை மாறிவிடும்.

அக்கா பட்டியலைப் படம் எடுத்து வைத்திருந்தாள். காய்ச்சல் விட்டதும் 1915-க்குப் போன் செய்தாள். இரண்டு வாரம் கழித்துப் பணம் திரும்பி வந்தது. ஜாக்கெட்டையும் எடுத்துப் போனார்கள்.

பணம் வந்த அன்று பக்கத்துத் தெரு டெய்லரிடம் போனாள். வீட்டுத் திண்ணையில் மெஷின் போட்டிருக்கும் அம்மா. ஆயாவின் போட்டோவைக் கழற்றிக் கையோடு கொண்டு போயிருந்தாள். டெய்லர் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது எங்க அம்மா தைச்ச மாடல் கண்ணு. அளவு ஜாக்கெட் எதுக்கு? நீயே வந்துட்டே. கையைத் தூக்கு."

குழந்தையை ஒரு கையில் வாங்கி மடியில் போட்டுக்கொண்டு மறு கையால் அளவு எடுத்தார். முன்பக்கம் ஆறு கொக்கி. இரண்டு பக்கத் தையலிலும் ஓர் அங்குலம் துணி. உப்பிய கை. உள்ளே மெல்லிய பருத்தி லைனிங். நாலு நாளில் தைத்துக் கொடுத்தார்.

குழந்தைக்குப் பேர் வைக்கும் விசேஷத்துக்கு அக்கா அதைத்தான் போட்டிருந்தாள். பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது குழந்தை அழுதது. எழுந்து உள் அறைக்குப் போனாள். கால் மணி நேரத்தில் திரும்பி வந்து, இலையில் மீதி இருந்த பாயசத்தைக் கேட்டு வாங்கிக் குடித்தாள்.